கோடை மாளிகை, வேலைக்காரி உட்பட

திருவண்ணாமலையில் போய்க் கோடை மாளிகை கட்டியவருக்கு ஒன்று புத்தி மட்டாக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊட்டியில் இடம் வாங்க வக்கில்லாமல் இருந்திருக்க வேண்டும். மாளிகையின் இப்போதைய சொந்தக்காரர் சக்கரவர்த்தியின் தாத்தா இதில் எந்த ரகம் என்று மதிவதனிக்கு இதுவரை பிடிபட்டதில்லை. சித்திரை பிறந்தால் மலை தோசைக்கல்லாகக் காய்ந்து, பொழுது சாய்ந்த பிறகும் ஊர்மேல் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். மாளிகைக்கு முன்னால் கிடக்கும் சித்தேரியில் கார்த்திகையில் தண்ணீர் தளும்பும், மாசியில் சேறு, சித்திரையில் ஆடு மேயும். அப்படிப்பட்ட ஏரியைப் பார்க்கத்தான் ஜட்ஜு தாத்தா தூண் வைத்த தாழ்வாரம் போட்டு, படித்துறை இறக்கி, வாசலில் ‘சம்மர் ஹவுஸ், 1912’ என்று பளிங்கில் வெட்டி வைத்தார்.

குடும்பம் தீபத்துக்கு மட்டும் வரும். நாலு நாள் இருந்து, தின்று, மலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மெட்ராசுக்குக் கார் ஏறிவிடும். கோடைக்கு அவர்கள் போனது கொடைக்கானல். கோடை மாளிகையில் நிஜமாகவே கோடையைக் கழித்தவர்கள் இரண்டே வகை: மேல்மாடியில் வௌவால்கள், படித்துறைக்குப் பக்கத்து அவுட் ஹவுஸில் பாஞ்சாலை.

பாஞ்சாலை மதிவதனியின் அம்மா.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் சித்திரையில் மாளிகை விற்பனைக்கு வந்தது. எங்கும் சுற்றாமல் நேராகச் செங்கம் ரோட்டில் சுப்பிரமணியின் ரியல் எஸ்டேட் ஆபீசுக்கு வந்தது. ஊரில் இத்தனை புரோக்கர்கள் இருக்க அவனிடம் வந்ததற்குக் காரணம், வெளிநாட்டுக்காரனும் பெங்களூர்க்காரனும் படிக்கிற மாதிரி இங்கிலீஷில் விளம்பரம் எழுத அவனிடம் ஆள் இருந்ததுதான்: மதிவதனி. பி.ஏ. இங்கிலீஷ் லிட்ரேச்சர், அரசு கலைக் கல்லூரி, அவள் வம்சத்திலேயே முதல் பட்டம்.

“அடடே, நம்ம பாஞ்சாலை பொண்ணா நீ?” சக்கரவர்த்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “மாங்கா பொறுக்கிக்கிட்டுத் திரிஞ்சியே. இங்கிலீஷெல்லாம் எழுதுவியா?”

“எழுதுவேன் சார். டிகிரியே அதுலதான்.”

“பரவால்லியே! எல்லாம் எங்க வீட்டுக் காத்து.”

அந்த வீட்டுக் காற்றில் வௌவால் புழுக்கை நாற்றத்தைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. அதைச் சுவாசித்துப் பட்டம் வாங்கலாம் என்றால் வௌவால்கள் எல்லாம் எம்.ஏ. முடித்திருக்கும். மதிவதனி அவர் நீட்டிய தாளை வாங்கினாள். மாளிகையின் பெருமைகளை அவரே நம்பர் போட்டு எழுதியிருந்தார். தேக்குக் கதவுகள். பெல்ஜியம் கண்ணாடி. ஏரியைப் பார்த்த தாழ்வாரம். வற்றாத கிணறு ஏழாவது. குதிரை வண்டிக் கொட்டகை ஒன்பதாவது. இரண்டுக்கும் நடுவில், எட்டாவதாக: முப்பது வருஷ விசுவாசமான வேலைக்காரி, வீட்டோடு கிடைப்பாள்.

“சார், இந்த எட்டாவது எங்க அம்மா.”

“ஆமாம்மா. உங்க நல்லதுக்குத்தான் போட்டிருக்கேன். வாங்கறவன் அவளைத் தொரத்திடக் கூடாதில்ல? வீட்டோட சேத்து ஒப்படைச்சுட்டா எனக்கும் நிம்மதி.”

“அவுட் ஹவுஸ் எங்களுக்குனு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்கன்னு அம்மா சொல்லுதே?”

“நானா? யாரு சொன்னா?” என்று சிரித்தவர், சுப்பிரமணி வரவழைத்த இளநீரைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு எழுந்து போனார்.

மதிவதனி விளம்பரத்தை அடித்தாள். எட்டாம் நம்பரில் குதிரைக் கொட்டகையை ஏற்றிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போன வேகத்தில் அம்மாவிடம் கேட்டாள். பாஞ்சாலை அசரவில்லை. விளக்கமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னாள்: “எழுதிக் குடுத்தாருடி. கலெக்டர் ஆபீசு புச்சா வந்திச்சே, அந்த வருசம். சங்கிலி போட்டு அளந்துக்கினு போனாங்கோ. ஐயா என்னைக் கூப்ட்டு, ‘பாஞ்சாலை பேர்ல எழுதிக்கோங்க’ன்னாரு. கைநாட்டு வெச்சேன். நூல் பொடவை ஒண்ணு குடுத்தாரு. நீ கூட மூக்க ஒழுக்கிக்கினு பக்கத்துல நின்ன.”

“அந்தப் பத்திரத்தை எடு.”

“எதுக்கு? பத்திரத்த சும்மா சும்மா பிரிச்சா நெலைக்காது.”

பதினைந்து வருஷமாக இதே பதில். பொங்கலுக்குப் பொங்கல் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த மஞ்சள் துணி மூட்டை வெளியே வரும், மேலாகக் குங்குமம் வைத்துக்கொள்ளும், உள்ளே போய்விடும். அம்மாவை விடு, படித்துக் கிழித்த தனக்கும் ஒருநாளாவது அதைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லையே என்று மதிவதனிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அன்று பெட்டியை அவளே திறந்தாள். பாஞ்சாலை கத்தக் கத்தத் துணியைப் பிரித்தாள்.

உள்ளே இருந்தது நோட்டீஸ். ஏரிப் புறம்போக்கை ஆக்கிரமித்த குற்றத்துக்கு அரசாங்கம் கொடுக்கிற நோட்டீஸ். ஆக்கிரமித்தவர் பெயர்: பாஞ்சாலை, க/பெ வேணு. ஆக்கிரமிப்பு விவரம்: படித்துறை, தூண் தாழ்வாரம், பம்பு ரூம், ஓட்டு வீடு ஒன்று.

ஜட்ஜு தாத்தா ஏரியை வளைத்துத்தான் தாழ்வாரம் போட்டிருக்கிறார். மாவட்டம் புதிதாகப் பிரிந்து அளக்க ஆள் வந்ததும், பேரனுக்குத் தன் பெயர் அரசாங்க ஏட்டில் அசிங்கமாக ஏறுவதில் மனசில்லை. பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்தவளின் பெயர் சும்மாதானே கிடந்தது!

“அம்மா, இது உனக்குக் குடுத்த பத்திரம் இல்ல. ஏரிய நீ மடக்கிப் போட்டுக்கினு இருக்கேன்னு கவர்மெண்ட்டு எழுதுன குத்தம்.”

“நானா? ஏரியவா?” பாஞ்சாலைக்குச் சிரிப்பு வந்தது. “எனக்குன்னு ஒரு அண்டா கெடையாது. ஏரிய மடக்கி எந்த அடுப்பு மேல வெக்கிறது?” சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். “ஐயாவுக்குத் தெரிஞ்சிருக்காது. கீழ இருக்கறவங்க மாத்தி எழுதிட்டிருப்பாங்க. வாயக் கட்டிக்கினு இரு.”

தாளை மறுபடியும் மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். மதிவதனிக்கு அந்தத் துணியைப் பிடுங்கி அடுப்பில் போடலாம் போல இருந்தது.

விளம்பரம் வேலை செய்தது. பெங்களூர்க் கம்ப்யூட்டர்காரன் ஒருவன் போட்டோவைப் பார்த்து மயங்கினான். போட்டோ கார்த்திகையில் எடுத்தது. விலை படிந்து, அவனுடைய வக்கீல் வரைபடத்தை வாங்கிப் பார்த்தபோது குட்டு உடைந்தது. சக்கரவர்த்தியின் பட்டா கூடத்துச் சுவரோடு முடிகிறது. தாழ்வாரமும் படித்துறையும் பாஞ்சாலை பெயரில் ஆக்கிரமிப்பு. எனக்கு இதில் எந்தப் பாத்தியதையும் இல்லை, காலி செய்துவிட்டேன் என்று அந்த அம்மாள் ரிஜிஸ்தர் ஆபீசில் கைநாட்டு வைத்தால்தான் பேச்சு என்று வக்கீல் சொல்லிவிட்டார். புறம்போக்கை வாங்கிக்கொண்டு பிறகு என்ன செய்வான் என்பது பெங்களூர்க்காரன் பாடு. தெரிந்தே வாங்குகிறான்.

“மதி, அம்மாவ ஒரு நட கூட்டிக்கினு வந்துடும்மா,” என்றான் சுப்பிரமணி. “ஒரே ஒரு கைநாட்டு.”

“வருவாங்கண்ணா. மொதல்ல அவரோட பட்டா எடத்துல, ரோட்டோரம் அஞ்சு சென்ட்டு அம்மா பேர்ல ரிஜிஸ்தர் ஆகணும்.”

“அஞ்சு சென்ட்டா? ஒத்துக்க மாட்டாரும்மா. ரொம்ப ஜாஸ்தி.”

“அப்ப நாங்களே ஏரிய வெச்சுக்கறோம். நாங்கதான ஆக்கிரமிச்சது?”

சக்கரவர்த்தி மதிவதனியிடம் வரவில்லை. அவள் ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரு புடவையோடு அவுட் ஹவுஸ் வாசலில் போய் நின்றார். புது ஓனர் உன்னை வைத்துக்கொள்வார், நான் சொல்லிவிட்டேன், சும்மா ஒரு கையெழுத்து என்றார். முப்பது வருஷம் துடைத்தும் ஏறியிராத காரில் பாஞ்சாலை முதல்முறையாக உட்கார்ந்தாள்.

சுப்பிரமணிக்குத்தான் மனசு கேட்கவில்லை. ரிஜிஸ்தர் ஆபீசிலிருந்து போன் பண்ணிவிட்டான். மதிவதனி ஆட்டோ பிடித்து ஓடி வந்தபோது, புங்கமரத்தடியில் பத்திரம் எழுதுகிறவரின் மேஜைக்கு முன்னால் பாஞ்சாலை நின்றுகொண்டிருந்தாள். கக்கத்தில் புதுப்புடவைப் பை. கட்டைவிரலில் மை ஏறிவிட்டிருந்தது.

“அம்மா!”

“இருடி.” பாஞ்சாலை மகளைப் பார்க்கவில்லை. “ஐயா, ஒண்ணு கேக்கணும்.”

“சீக்கிரம் கேளு. ராகு காலம் வந்துடும்.”

“அன்னிக்கு என் பேர்ல எழுதுனீங்களே, அது எனக்குக் குடுத்ததா, இல்ல என்ன மாட்டி வுட்டதா?”

“ஓ, உன் பொண்ணு சொல்லிக் குடுத்தாளா?” சக்கரவர்த்தி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “அது சும்மா பேருக்கும்மா. வேற யார் பேர்ல போடறது? என் பேர்லயா போட முடியும்? ஜட்ஜு குடும்பம். நல்லா இருக்குமா?”

அவ்வளவுதான். மதிவதனி தொண்டை கிழிய ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் ஏறாத ஒன்றை அந்த மனிதர் தன் வாயாலேயே, கூச்சமே இல்லாமல் சொல்லி முடித்துவிட்டார். ஒருநாளும் பொய் சொல்லத் தேவைப்படாத வாய். எதிரே நிற்பவளுக்கு ரோஷம் இருக்கக்கூடும் என்பது அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாருக்கும் தோன்றியதில்லை.

பாஞ்சாலை மைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். பேப்பரில் வைக்கவில்லை. உச்சந்தலையில் நரைத்த முடியில் அழுத்தித் துடைத்தாள், ஒருமுறை, இன்னொருமுறை. புடவைப் பையை மேஜைமேல் வைத்தாள்.

“பதனஞ்சு பொங்கலு அதுக்குக் குங்குமம் வெச்சேன் ஐயா,” என்றாள். “ரோட்டோரம் அஞ்சு சென்ட்டு. என் பொண்ணு கேட்டுச்சே, அது.”

“என்ன திமிரு! உங்களுக்கு எடம் குடுத்தேன் பாரு!”

“குடுக்கல ஐயா. அதான் இப்பக் கேக்கறேன்.”

அவர் காரில் ஏறிப் போனார். அம்மாவும் மகளும் பத்து ரூபாய்க்கு ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பாஞ்சாலை மஞ்சள் துணியை உதறி, அதில் அரிசிப் பானையை மூடினாள். நோட்டீசை மகளிடம் கொடுத்தாள்.

“இத பத்திரமா வெச்சிக்கோ. இப்பத்தான் இதுக்கு வேல.”

பெங்களூர்க்காரன் ஒன்பது நாள் பொறுத்தான். பிறகு, தாழ்வாரம் இல்லையென்றால் வேண்டாம் என்றான். பத்தாம் நாள் சக்கரவர்த்தி மறுபடியும் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்தார். ஜட்ஜு குடும்பம் அல்லவா, அப்போதும் அரை சென்ட் கம்மி பண்ணித்தான் எழுதி எடுத்து வந்திருந்தார். நாலரை சென்ட், ரோட்டோரம், பட்டா நிலம். சுப்பிரமணி கண்ணைக் காட்டினான். மதிவதனி தலையாட்டினாள்.

“படி,” என்றாள் பாஞ்சாலை.

மதிவதனி பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படித்தாள். வடக்கே இன்னது, தெற்கே இன்னது, இடத்தை வாங்குபவர் பாஞ்சாலை என்று ஒன்றையும் விடவில்லை.

“மறுபடி படி. நின்னு படி.”

புங்கமரத்து நிழலை மற்ற கட்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். சக்கரவர்த்தி மொட்டை வெயிலில் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, வழுக்கை பழுத்த மிளகாயாகச் சிவந்தது. “எவ்வளவு நேரம்மா?” என்று ஒருமுறை கேட்டும் பார்த்தார். மதிவதனிக்கு அவசரம் ஒன்றும் இல்லை. கோடையை அனுபவிக்கத்தானே அவர் தாத்தா இந்த ஊருக்கு வந்தார். பேரனும் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று மூன்றாம் முறையும் முதல் வரியிலிருந்தே தொடங்கினாள்.