ஹைப்பர்போல்

என் மனைவி பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவள். நான் லிஃப்ட் மெக்கானிக். எங்களைச் சேர்த்து வைத்தது ஒரே ஒரு ஆங்கில வார்த்தை, அதுவும் நான் தப்பாகச் சொன்ன வார்த்தை.

அவள் பள்ளியில் லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லை என்று போயிருந்தேன். மூன்றாம் மாடியில் ஒரு வகுப்பு காலியாகக் கிடந்தது. வந்த வேலையைப் பார்க்காமல், கரும்பலகையில் இருந்ததைச் சத்தமாகப் படித்தேன். "ஹைப்பர்போல்."

"ஹை-பர்-ப-லி" என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"பலியா? யாரைங்க குடுக்கப் போறீங்க?"

அவள் சிரிக்கவில்லை. "எதையும் ஊதிப் பெருசாக்கிச் சொல்றதுக்குப் பேர். உயர்வு நவிற்சி."

"போல்னு முடியுதே, நான் உவமைனு நெனச்சேன்."

அப்போதுதான் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அன்றைக்கே அவுட்.

சரியான உச்சரிப்பும் அன்றைக்கே எனக்கு வந்துவிட்டது. ஆனால் கல்யாணமாகி இருபத்தாறு வருஷமும் வேண்டுமென்றே தப்பாகத்தான் சொன்னேன். "டீச்சர், உங்க காபி மாதிரி இந்த உலகத்துலயே கிடையாது. ஹைப்பர்போல் இல்லை, நிஜம்" என்பேன். "பலி! பலி!" என்று கரண்டியோடு வருவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

போன வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சு போனது. நாம் சொல்வது புரிகிறது, பதில் சொல்ல வாய் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். சாவி, கப்பு, குடை. ஒரு வகுப்பையே கட்டி மேய்த்தவளிடம் குடையைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"முதல் ஆறு மாசம்தான் அங்கிள் முக்கியம். அவங்களுக்குப் பழக்கமான வார்த்தையா நீங்களும் சொல்லிப் பாருங்க" என்றாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அவளைக் கோபப்படுத்துவது. தினமும் காலையில் தலை சீவிவிடும்போது "ஹைப்பர்போல்" என்பேன். அவள் உதட்டையே பார்ப்பேன். ஒரு 'ப' வந்தால் போதும். வரவில்லை. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டைத் திறந்து எத்தனையோ பேரை வெளியே எடுத்திருக்கிறேன். இதை எங்கே திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் மாதமும் முடியப்போகிற ஒரு காலையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. சீப்பை வீசினேன்.

"எனக்கு முதல் நாள்லேருந்தே தெரியும் டீச்சர். நீ திட்டணும்னுதான் தப்பாச் சொன்னேன். ஹை-பர்-ப-லி. போதுமா? சரியாச் சொல்லிட்டேன், இனிமே நீ திருத்தவே வேண்டாம்."

அழுதேன். மறைக்கவில்லை.

அவள் முகம் சுருங்கியது. பரீட்சைத்தாளில் தப்பான பதிலைப் பார்க்கிற அதே முகம். இடது கையைத் தூக்கி, இல்லை என்று விரலை ஆட்டினாள். வாய் கோணிக்கொண்டு மெதுவாகத் திறந்தது.

"போல்."

"என்னம்மா?"

"போல்" என்றாள் மறுபடியும், கொஞ்சம் கோபமாகவே.

மறுநாள் பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் சொன்னேன். முழு வார்த்தையையும் கேட்டுக்கொண்டு நோட்டைப் பிரித்தாள். "அது தப்பான உச்சரிப்பாச்சே அங்கிள். 'முயற்சி செய்தார், தவறு'ன்னு எழுதிக்கறேன்."

"சரின்னு எழுதும்மா. இந்த வீட்ல அவதான் டீச்சர்."

கட்டிலில் இருந்தவள் பாதி வாயால் சிரித்தாள்.

பன்னிரண்டாம் நாள் மறுபடியும் பக்கவாதம் வந்தது. இந்தத் தடவை அவள் தப்பவில்லை. வேறு வார்த்தை எதுவும் அவள் பேசியிருக்கவில்லை.

இப்போதும் காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். ஒரு நாள் சரியாகச் சொல்கிறேன், ஒரு நாள் தப்பாகச் சொல்கிறேன். எப்படிச் சொன்னாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.