லாரி திரும்பும் இடம்

விடியுமுன்பே கேரட் கழுவும் தண்ணீரில் கையை விட்டால் முதலில் வலிக்கும். பிறகு விரல் இருப்பதே தெரியாது. இங்கிலாந்தின் கிழக்குத் தாழ்நிலத்தில் நாங்கள் நாற்பத்தொரு பேர் அப்படித்தான் நின்றோம். ஓடிவரும் கேரட்டில் பிளந்ததையும் அழுகியதையும் பொறுக்கித் தள்ளுவோம். என் பக்கத்தில் என் தங்கை ஹேசல். அவளுக்கு வாய் ஓயாது.

முன்பெல்லாம் லாரிகள் முற்றத்தில் வட்டமடித்துத் திரும்பும். அந்த இடத்தை என்றைக்கும் காலியாக வைக்கவேண்டும் என்பது கட்டட அனுமதியிலேயே இருந்த நிபந்தனை. முதலாளி கில்லியட் யாரையும் கேட்காமல் அங்கே ஒரு குளிர்க் கொட்டகையைக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து நாங்கள் நடந்துவரும் சந்துக்குள் லாரிகள் பின்பக்கமாகவே வந்தன.

"ஒருநாள் இல்ல ஒருநாள் எவளையாவது நசுக்கப்போகுது பாரு," என்றாள் ஹேசல். கட்டட அனுமதி தரும் உள்ளூர்க் கவுன்சிலுக்குப் புகார் எழுதியதும் அவள்தான். யார் முதலில் போட்டது என்று தெரியாதபடி எல்லோரும் ஒரே தாளில் வட்டமாகக் கையெழுத்திட்டோம். எங்கள் பக்கத்துத் தொழிலாளர் வழக்கம் அது. முகவரி எழுதவில்லை. எப்படி எழுதுவோம்? பாதிப்பேர் குடியிருப்பதே கில்லியட்டின் வீடுகளில்தான். வேலை போனால் வீடும் போகும்.

முகவரி இல்லாததால் விசாரிக்க முடியாது என்று பதில் வந்தது. நாற்பத்தொரு கையெழுத்துப் போட்ட மொட்டைக் கடுதாசியாம்! அதே மாதம், எங்களோடு வேலை செய்யும் மாரீனின் வீட்டுப் புறாக்கூண்டு அரையடி உயரம் கூடிவிட்டது என்று கவுன்சில் ஆட்கள் இரண்டுமுறை வந்து அளந்து பிரிக்கவைத்தார்கள். அதற்கு மட்டும் ஆள் இருந்தது.

நவம்பரில் ஒரு காலை, பனிமூட்டம். டிரைவர் நெவில் ஓட்டிய லாரி பின்பக்கமாகச் சந்துக்குள் வந்தது. ஹேசல் எனக்கு நாலடி முன்னே, முந்தினநாள் டிவி நாடகத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். பாதி வார்த்தையில் அவள் குரல் நின்றுவிட்டது. ஐயோ, அந்த மீதி வார்த்தை என்னவென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடக்கம் முடிந்து மூன்று வாரத்தில் விளக்குக் கம்பத்தில் கவுன்சில் அறிவிப்பு தொங்கியது. கட்டி முடித்த கொட்டகைக்கு இப்போது அனுமதி கேட்டிருந்தார் கில்லியட். ஆட்சேபிக்க இருபத்தொரு நாள்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உன் தங்கச்சி விஷயத்துல எனக்கும் வருத்தந்தான் லோர்னா. ஆனா அது விபத்தும்மா. கொட்டகை என்ன பண்ணுச்சு?"

"கொட்டகை இல்லேன்னா லாரி முற்றத்துல திரும்பியிருக்கும் சார். அவ உயிரோட இருந்திருப்பா."

"ஆட்சேபிக்கிறவங்க பேரு, வீட்டு நம்பர் எல்லாம் வெளிய போடுவாங்க. நான் ஒண்ணொண்ணா படிப்பேன்."

"கண்ணாடி போட்டுக்கிட்டே படிங்க சார்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாப்பாட்டு அறையில் மாரீன் பெரிய தாளை விரித்தாள். "பழையபடி வட்டமா போட்டுடலாம்டி."

"வேணாம். கவுன்சில்ல கேட்டுட்டேன். எத்தனை பேர் போட்டாலும் ஒரு தாளுன்னா ஒரு ஆட்சேபணைதானாம். ஆளுக்கொரு கடிதம், அவங்கவங்க விலாசத்தோட."

மாரீன் விரித்த தாளைத் திரும்பச் சுருட்டினாள்.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குடி."

"தெரியும் மாரீன். உன்னைக் குத்தம் சொல்லமாட்டேன். ஆனா அந்தச் சந்துல நாளைக்கும் நாமதானே நடக்கணும்?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பேனாவக் குடு," என்றாள். ஒவ்வொருவராக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் இல்லை. இருபத்தாறு பேர்.

கதவருகே நெவில் நின்றிருந்தான். அன்றிலிருந்து அவன் வண்டி எடுக்கவில்லை. நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கொன்றுவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"எனக்கும் ஒரு தாள் குடு லோர்னா."

"நீ என்னத்த எழுதுவ?"

"ஓட்டினது நான்தான்னு எழுதுறேன். பின்னாடி எதுவும் தெரியலன்னு. திரும்ப இடம் இருந்துச்சு, அத அடைச்சுட்டாங்கன்னு." அவன் மேசைப் பக்கம் வந்தான். "நானும் அவர் வீட்லதான் இருக்கேன். போனா போகட்டும்."

அவன் உட்கார்ந்தான். கை ஆடிய ஆட்டத்தில் தாள் நகர்ந்துகொண்டே இருந்தது. அவன் தன் வீட்டு எண்ணை எழுதி முடிக்கும்வரை நான் அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.