முற்றுப்புள்ளி இல்லாத ஆணை

தலைமை எழுத்தர் திங்கட்கிழமை காலை பத்தரைக்கு வாசிக்கத் தொடங்கிய வாக்கியம் வியாழக்கிழமை மதியமும் முடியவில்லை. ஆகவே அவரும் வீட்டுக்குப் போகவில்லை. அந்தக் குடிநீர் அலுவலகத்தில் முற்றுப்புள்ளி வைக்கும் உரிமை அதிகாரிக்கு மட்டுமே உண்டு. அவர் இரண்டு வருடமாக விடுப்பில் இருந்ததால், எழுத்தர்கள் ஆளுக்கொரு 'மேலும்', ஆளுக்கொரு 'ஆதலால்' சேர்த்து, ஒரே ஆணையை இரண்டு பீரோ நிறைய வளர்த்துவிட்டார்கள். பிழை பார்க்க அதை உரக்கப் படித்தவருக்கு வாய் நிற்கவில்லை. காற்புள்ளி வரும் இடங்களில் மனைவி ஒரு வாய் ஊட்டினாள், ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான்காம் நாள் அவர் உதடு வெளுத்து, குரல் நூலாக இளைத்தது.

அவள் வரைவு எழுத்தரின் மேசைக்கு வந்தாள். அவர் இளைஞர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசமாட்டார். அலுவலகம் அவரைச் சுருக்கம் என்றே கூப்பிட்டது.

"தம்பி, இன்னிக்கு ராத்திரி தாங்கமாட்டார். நீங்க ஒரு புள்ளி வச்சா என்னவாம்?"

"என் வேலை போயிடும் அக்கா."

"அவரே போயிடுவார் போலிருக்கு, நீங்க வேலையைப் பத்திப் பேசறீங்க!"

சுருக்கம் பேனாவை எடுத்தார். அவசரத்தில், அடுத்த பக்கத்தில் 'குழாய் பதிக்க வேண்டி' என்ற இடத்திலேயே வெட்டிப் புள்ளி வைத்தார். தலைமை எழுத்தர் அங்கே வந்ததும் திறந்த வாயோடு நின்றுவிட்டார். மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. முகம் நீலமாகத் தொடங்கியது. சுருக்கம் புள்ளியை அடித்துவிட்டு 'விண்ணப்பித்தார்கள்' என்று எழுதி, அதன்பின் வைத்தார். தலைமை எழுத்தர் அந்தச் சொல்லைப் படித்தார், நிறுத்தினார், நாற்காலியில் சாய்ந்தார்.

"மீதி?" என்றார்.

"நாளைக்கு. முதல்ல எழுந்திருங்க" என்றாள் மனைவி.

மீதியைச் சுருக்கம் ஒரு வாரம் உட்கார்ந்து திருத்தினார். 'மேற்கண்டவாறு' போயிற்று, 'கருத்தில் கொண்டு' போயிற்று. ஒவ்வொரு செயலுக்கும் செய்தவர் கிடைத்தார். இரண்டு பீரோ மூன்று வரியானது: தெற்குத் தெருவினர் குழாய் கேட்டார்கள். பொறியாளர் இடத்தைப் பார்த்தார். குழாய் போடலாம்.

"இதுக்கா என் தொண்டையைத் தானம் பண்ணினேன்?" என்று தலைமை எழுத்தர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த மாதம் அதிகாரி திரும்பி வந்தார். மூன்று புள்ளிகளையும் எண்ணினார். யார் வைத்தது என்றார். சுருக்கம் எழுந்து நின்றார்.

"நான்தான் சார்."

அதிகாரி இன்னொரு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். பிறகு வருகைப் பதிவேட்டை இழுத்து, தலைமை எழுத்தரின் அந்த நான்கு நாட்களுக்கு நேராக 'வாக்கியத்தில் இருந்தார்' என்று எழுதினார். இலக்கணம் சரியா என்று சுருக்கத்திடம் கேட்டார். சரியாகத்தான் இருந்தது.