இரண்டு பேர் போதும்

1

அறையில் இருந்தவர்கள்: மேனேஜர் கல்யாணராமன், ஹெல்ப்டெஸ்க்கில் போன் எடுக்கும் பாலகணேஷ், ஜெயக்கொடி, பத்மாசினி. மேசைமேல் ஒரு கணினி. 2006, நாகமலை புதுக்கோட்டை, காலை பதினொரு மணி.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்காதீர்கள். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் 'அவன்' என்று எழுதுகிறேன்.

2

மழை பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில்

(பெய்யவில்லை. அடித்துவிடுகிறேன்.)

ஒரு நூற்பாலையின் கணினிகள் மக்கர் செய்தால் இவர்களுக்குத்தான் போன் வரும். ஒவ்வொரு புகாரும் ஒரு டிக்கெட். சரிசெய்தபின் டிக்கெட்டை மூட வேண்டும். பாலகணேஷும் ஜெயக்கொடியும் போனை எடுத்த சூட்டோடு டிக்கெட்டை மூடிவிடுவார்கள். வேலையை அப்புறம் பார்ப்பார்கள், அல்லது பார்க்க மாட்டார்கள். பதிவில் ஆறு நிமிடம். பத்மாசினி, எதிர்முனை ஆள் "ஓடுதும்மா" என்று சொன்ன பிறகுதான் மூடுவாள். இருபத்தைந்து நிமிடம். மற்ற இருவரும் அரைகுறையாக விட்டவர்கள் திரும்பக் கூப்பிட்டால், எடுப்பதும் அவள்தான்.

"என்ன தங்கச்சி, போன்லயே குடித்தனம் பண்றியா?" என்பான் ஜெயக்கொடி. பாலகணேஷ் சிரிப்பான்.

3

கல்யாணராமன் சிமுலேஷன் ஓட்டியிருந்தார். ஆறு மாத டிக்கெட் நேரங்களைக் கொடுத்தால், கணினி கற்பனைப் புகார்களை உண்டாக்கி, கற்பனை ஆட்களிடம் அனுப்பி, யார் எவ்வளவு காத்திருப்பார்கள் என்று சொல்லும். நல்ல கருவிதான். அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

"பத்தாயிரம் புகாரை விட்டுப் பார்த்துட்டேன். வரிசையே நிக்கல. ரெண்டு பேர் போதும்ங்குது. பத்மாசினி, இன்னையோட நிறுத்திக்கலாம்மா."

[முதல் வரைவில் அவளுக்கு நோயாளித் தகப்பனாரைக் கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன். வேலை போகிறது, அது போதும்.]

கல்யாணராமனுக்கு போன் வந்தது. வராந்தாவுக்குப் போனார்.

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே," என்றாள் பாலகணேஷிடம். "அந்த ஆறு நிமிசம் எப்படி வந்துச்சுன்னு."

"மாப்ள, வாயத் தொறந்த, நாம ரெண்டு பேரும் பரவை மார்க்கெட்ல மூட்டை தூக்கணும்," என்றான் ஜெயக்கொடி, அவளுக்கும் கேட்கும்படியே.

கல்யாணராமன் திரும்பி வந்தார். "யாராவது ஏதாவது சொல்லணுமா?"

4

முடிவு ஒன்று: அவன் எழுந்து உண்மையைச் சொல்கிறான். கல்யாணராமனின் முகம்

(தெரியாது. அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.)

முடிவு இரண்டு: புகார்கள் குவிகின்றன, அவளைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். (குவிந்தன. கூப்பிடவில்லை.)

இந்தக் கதையையும் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அவன் பேசுகிற வரைவு ஒவ்வொன்றும், வேலை முடியாமல் நான் மூடிய டிக்கெட்.

5

"ஒண்ணுமில்ல சார்," என்றான் பாலகணேஷ்.

பத்மாசினி கழுத்திலிருந்த கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அது இல்லாமல் வெளியிலிருந்து கதவு திறக்காது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது. வேண்டுமானால் நீங்கள் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடலாம். என்னால் அவனை எழுப்ப முடியவில்லை.

வாரேன் என்று சொல்லவில்லை. "போறேண்ணே" என்றாள்.

போன் அடித்தது. பாலகணேஷ் எடுத்தான். டிக்கெட்டை மூடினான். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டு, தானே பூட்டிக்கொண்டது.