நிலைப்படி ஆணி

"ஆணியப் புடுங்காத தரணி, சொல்லிட்டேன்!"

"புடுங்குவேன். பெத்தவள வாசலுக்கு வெளிய நிறுத்த நீ யாருண்ணா?"

"நான் யாரா? கூட இருந்தவன்டி நான்..."

"கூட இருந்தியாம்! கூட இருந்துதான..."

சுத்தியல் தரணி கையில். வாழையிலைக் கட்டோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றான், வீட்டிலேயே தறி ஓட்டுகிற அண்ணன் முரளிதரன்.

அன்றைக்கு அவர்கள் அம்மா ஜெயம்மாவுக்கு முதல் வருசத் தெவசம். நோவு பிடித்த மனசோடு பல வருசம் அல்லாடி, கடைசியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவள். அப்படிப் போனவர்கள் வீட்டையே சுற்றி வருவார்கள் என்று புத்தூரில் யாரோ சொல்ல, காரியம் முடிந்த கையோடு நிலைப்படியில் இரும்பாணி அடித்துவிட்டான் முரளி. ஆணி இருந்தால் உள்ளே வரமாட்டார்களாம். படையலையும் தெருமுனையிலேயே வைத்துவிடுவதாக இருந்தான். திருப்பதியில் லேபில் வேலை செய்கிற தங்கை, நகரியில் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை, சுத்தியலைத்தான் கேட்டாள்.

"ஊசி குத்தறவளுக்கு ஆணி புடுங்கற வேல எதுக்கு?"

"தெருமுனைல வச்சா நாய்தான் துன்னும். அம்மா என்ன, ஊரான் வூட்டுப் பொணமா?"

"நீ எப்பவோ ஒருக்கா வருவ. பால்கோவா வாங்கியாருவ. உங்கிட்ட மட்டும் அம்மா சிரிச்சிக்கினே பேசும். நீ பஸ் ஏறினப்பறம் இங்க என்னா நடக்கும், தெரியுமா உனுக்கு?"

"சொல்லு, கேக்கறேன்."

"தறி என்னியே திட்டுது, நிறுத்துடான்னும். நிறுத்துவேன். நிறுத்தினா, ஏன்டா சத்தத்தக் காணோம், என்னா சதி பண்றன்னும். ராத்திரியில எழுந்து போயிடப் போவுதுன்னு கதவாண்ட குறுக்க படுப்பேன். எத்தினி வருசம்! உங்கண்ணி பிரேமலதா புள்ளயத் தூக்கினு அம்மா வூட்டுக்கே போயிட்டா. போனவ இன்னும் வர்ல."

"மாத்திர..."

"ஒரு நாளும் தப்ப விடல தரணி. ஒரு நாளும்." அவன் இலைக்கட்டை இறுக்கிப் பிடித்தான். "அதயும் கேக்கத்தான வந்த?"

அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள். ஒரு வருசமாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்த கேள்வி. பதில் வந்துவிட்டது, முள் மட்டும் அங்கேயே இருந்தது.

முரளி இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுத் தெருப்படியில் உட்கார்ந்தான்.

"எல்லாம் முடிஞ்சி வந்து படுத்தேன் பாரு, அன்னிக்கி அப்டித் தூங்கினேன். அத்தினி வருசத்துல அப்டித் தூங்கினதே இல்ல. எழுந்தா ஒடம்பு லேசா கீது. பெத்தவள அனுப்பிட்டு வந்தவனுக்கு ஒடம்பு லேசா கீதுடி! அப்பறந்தான் போயி ஆணி வாங்கியாந்தேன்."

அவனே எட்டித் தரணி கையிலிருந்த சுத்தியலை வாங்கினான். துருவேறிய ஆணி நாலு இழுப்புக்கு மசியவில்லை. ஐந்தாவதில் கட்டைச் சில்லோடு வந்தது.

உள்ளே இலை போட்டார்கள். களி உருண்டை, கருவாட்டுக் குழம்பு, மடிப்புக் கலையாத புதுப்புடவை. கற்பூரம் கொளுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். இனி பிள்ளைகளில் ஒருவர் வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் போனவர்கள் வந்து சாப்பிடுவார்கள். அது அவர்கள் வீட்டு வழக்கம்.

"தலப்புள்ள நீ, நீதான் கூப்புடணும்."

"எனுக்கு வாய் வர்ல. நீ கூப்புடு. நீதான சண்ட போட்டு உள்ள வச்ச?"

தரணி கதவில் கை வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து இதே கதவைத் தள்ளுவதற்கு முன்னால், இன்றைக்கு அம்மா எப்படி இருக்கிறாளோ என்று காதை வைத்துக் கேட்பாளே, அதேபோலக் கதவில் காதை வைத்தாள். இத்தனை வருசம் கழித்தும், அம்மாவே இல்லாத வீட்டின் முன்னாலும். "அம்மா" என்று மட்டும் கூப்பிடவில்லை.

முரளி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயமா கீதா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"எனுக்குந்தான்." யாரோ உள்ளே கேட்டுக்கொண்டிருப்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கூப்புடு, வேணான்னு சொல்ல மாட்டேன். ஆனா வந்திச்சின்னா, இந்த வாட்டி யாரு பாத்துக்கறது?"