பின் சக்கரத்துக் காற்று

வாலு வீட்டை விட்டு ஓடிப்போனது சைக்கிளில். சிரிக்காதீர்கள். பஸ்ஸில் ஏறினால் தெரிந்த முகம் ஒன்று எங்கே கிளம்பிட்டே என்று குடையும். சைக்கிளில் போகிறவளை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

வாலு என்பது அவள் புருஷன் வைத்த பெயர். சைக்கிள் கடை வைத்திருந்த மனுஷன். லீவு நாளானால் ரெண்டு பேரும் ஆளுக்கொரு சைக்கிளில் கடலோரம் வரை மிதிப்பார்கள். அவர் முன்னால், இவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு. அப்படி வந்த பெயர். ஒரு லாரி அவரைத் தட்டிவிட்டுப் போனதிலிருந்து கழுத்துக்குக் கீழே எதுவும் அசைவதில்லை. கடை இருந்த முன்னறையில்தான் இப்போது கட்டில். புரட்டிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது, மூத்திரக் குழாயைப் பார்ப்பது எல்லாம் வருஷக்கணக்காக இவள்தான். இடுப்பு விட்டுப்போயிற்று. மனசு அதற்கும் முன்னாலேயே விட்டுப்போயிற்று.

போன வாரம் கடலோரத்துச் சிநேகிதி ஒருத்தி, விடுதி நடத்துகிறவள், வேலையும் அறையும் தருகிறேன் என்றாள். அதற்குத் தோதாக நாத்தனாரும் வந்து இறங்கினாள்.

"அண்ணி, ஒரு நாள் நிம்மதியா சைக்கிள்ல சுத்திட்டு வாங்க. அண்ணனை நான் பாத்துக்கறேன்."

ஒரு நாளைக்கு எதற்கு நாத்தனார் இவ்வளவு பெரிய பெட்டியோடு வந்தாள் என்று வாலு யோசித்திருக்கலாம். எங்கே யோசித்தாள், அவளே திருட்டுத்தனமாக ரெண்டு பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் அவர் கண் மூடிக் கிடந்தார். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள்.

தெருமுனை தாண்டுமுன்பே பின் சக்கரம் சின்னக் கல்லுக்கெல்லாம் குதித்தது. நாத்தனார் முந்தின நாள் முன்னறையில் பம்பும் கையுமாக நின்றது ஞாபகம் வந்தது. "கை பலத்தையெல்லாம் இதுலயா காட்டுவா," என்று முணுமுணுத்துக்கொண்டே மிதித்தாள்.

மற்றபடி என்ன அருமையான நாள் என்கிறீர்கள். முன்னால் ஆள் இல்லாததால் காற்று நேராக முகத்தில் வந்து மோதியது. பள்ளம் வந்தால் அவர்தான் கையை நீட்டிக் காட்டுவார். இன்று அவளே பார்த்தாள், அவளே ஒதுங்கினாள். இறக்கத்தில் பிரேக்கைத் தொடவே இல்லை. ஒரு மரத்தடியில் ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுவிட்டு, யாரும் கூப்பிடாத தூக்கம் ஒன்று போட்டாள். எழுந்தபோது அவர் நினைப்பே வரவில்லை. வெட்கம் கெட்ட சந்தோஷம்தான், இருந்தாலும் சந்தோஷம்.

விடுதி அறை ஜன்னலில் கடல் தெரிந்தது. பைகளைக் கழற்றி மாடியில் வைத்துவிட்டு, சைக்கிளை நிறுத்த வந்தவள் சும்மா பின் டயரை அமுக்கிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு நாள் சவாரிக்கு ஒரு பை, டயரில் கட்டை விரல் கொஞ்சம் அமுங்க வேண்டும். நாள் கணக்கில் போவதானால் ரெண்டு பை, விரல் அமுங்கவே கூடாது, இல்லாவிட்டால் கனத்துக்கு டியூப் தாங்காது. இது அவர் கணக்கு. நாத்தனாருக்கு பம்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. பக்கத்தில் படுத்துக்கொண்டு, இன்னும் அடி, இன்னும் அடி என்று அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். சிநேகிதியோடு போனில் பேசியது அவர் காதில் விழுந்திருக்கும்; அந்தப் பெரிய பெட்டியும் அவர் வரவழைத்ததுதான்.

திட்டி விரட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள். வழியில் பஞ்சராகக் கூடாதே என்று காற்றடித்து அனுப்பினால் ஒருத்தி எப்படி இருப்பாள், சொல்லுங்கள். சிநேகிதி கூப்பிடக் கூப்பிடப் பைகளை மாட்டிக்கொண்டு திரும்பினாள். வழி நெடுக எதிர்க்காற்று.

பொழுது சாயும் நேரத்தில் கதவைத் திறந்த நாத்தனாரின் முகம் விழுந்துவிட்டது. பெட்டியில் வந்த அவள் துணிகள் அலமாரியில் ஏற்கெனவே அடுக்கியாகியிருந்தன.

"என்ன அண்ணி, வந்துட்டீங்க?"

வாலு கட்டிலருகே போனாள். அவர் கண்கள் வீங்கியிருந்தன.

"டயர்ல காத்து ஜாஸ்தி," என்றாள்.

"ரெண்டு பைக்கு அது சரிதான்." கண்களை அவள் பக்கம் திருப்பினார். "ஏன் வந்தே?"

"தெரியலைங்க."

"நீ போயிட்டேன்னு மத்தியானமே அழுது முடிச்சுட்டேன் வாலு. நாளைக்கோ அடுத்த மாசமோ நீ மறுபடி போவே. இன்னொரு தடவை அழ என்கிட்ட தெம்பு இல்லை."

போக மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

அவரைப் புரட்டிப் போடும் நேரம் தாண்டியிருந்தது. நாத்தனாரை விலகச் சொல்லிவிட்டு, வாலு அவர் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள்.