நேரடி அறிவு

2025 டிசம்பர் 19, வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். விடியற்காலையில் தொடங்கிய தூறல் கல்முனையில் நின்றிருந்தது. வாடைக்காற்று மட்டும் சீராக வீசிக்கொண்டிருந்தது. வெப்பநிலை இருபத்தைந்து பாகை.

இவ்விவரங்களை அலுவலகக் குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிவைப்பது நபீலாவின் வழக்கம். ராடர் செய்மதிக்கு மழையும் முகிலும் ஒரு பொருட்டல்ல, ஆகவே இந்தப் பதிவால் யாதொரு பயனும் இல்லை என்று இன்பாஸ் பலமுறை சொல்லியிருக்கிறான். பயனில்லை என்பதை அவளும் ஒப்புக்கொண்டிருந்தாள், எழுதுவதை நிறுத்தவில்லை.

'வான்வயல் விண்வெளித் தரவு ஆய்வு, தொழில்நுட்ப நிறுவனம்' என்னும் பலகை, பிரதான வீதியில் ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் தொங்கியது. பெயரின் நீளத்துக்கு ஆட்கள் போதாது. நால்வர்தாம்: பணிப்பாளர் ஜவாத், படங்களைப் பகுத்தாயும் நபீலா, மென்பொருள் எழுதும் இன்பாஸ், வயலுக்குச் சென்று சரிபார்க்கும் கேதீஸ்வரன். செய்மதி அவர்களுடையதன்று. அது பன்னிரண்டு நாளுக்கொருமுறை எடுக்கும் படங்கள் உலகத்துக்கே இலவசம். அவற்றை இறக்கி, எந்த வயலில் தண்ணீர், எந்த வயலில் பயிர் என்று பிரித்துச் சொல்வதே இவர்களின் தொழில். கீழே ஆணி வாங்க வருவோரில் சிலர், "மேல என்ன, சாத்திரம் பாக்கிறயா?" என்று கேட்பதுண்டு. "ஓம், பாக்கிறம்" என்பான் இன்பாஸ்.

எட்டேகாலுக்குக் கேதீஸ்வரனிடமிருந்து அழைப்பு வந்தது. காரைதீவுக்காரர், நாற்பத்தைந்து வயது, சுற்றிவளைத்துக் கதைக்கத் தெரியாதவர்.

"மிஸ், பள்ளவெளி வட்டைக்குள்ள நிண்டுதான் கதைக்கிறன். பயிர் முழுக்க அழிஞ்சிது எண்டு நீங்க எழுதின வயல். இங்க பயிர் பச்சப்பசேலெண்டு நிக்குது."

"எவ்வளவு உயரம்?"

"என்ட சாண்ல பாதி. ரெண்டு கிழமைப் பயிர். போட்டோ அனுப்பியிருக்கன், பாருங்க. அழிஞ்ச வயலப் போட்டோ எடுக்கத்தான் வந்தன், எதப் போட்டோ எடுக்கிற எண்டு தெரியாம நிக்கன்."

மூன்று படங்கள் வந்திருந்தன. மூன்றிலும் ஐயத்துக்கு இடமில்லை.

நவம்பர் இறுதியில் வந்த வெள்ளம் வடிந்தபின், பயிர் அழிந்த இடங்களுக்கு மறுவிதைப்புக்கென விதைநெல் வழங்க, உழவர்களுக்கான அரச அலுவலகமான கமநல நிலையம் தீர்மானித்திருந்தது. ஒரே வாய்க்காலில் நீர் பாயும் வயல்களின் தொகுதிக்கு வட்டை என்று பெயர். அப்பகுதியில் நாற்பத்திரண்டு வட்டைகள். விதைநெல்லோ ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஏக்கருக்கு மட்டும். கூடுதலாக அழிந்தவை எவை என வரிசைப்படுத்தும் பணி வான்வயலுக்கு வந்தது. நபீலா கையெழுத்திட்ட பட்டியல் எட்டு நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பதினோராம் பெயருக்குக் கீழே கமநல நிலையம் ஒரு கோடு இழுத்தது. வரிப்பத்தான்சேனைப் பக்கத்துப் பள்ளவெளி, முந்நூற்றுப் பத்து ஏக்கர், நான்காம் இடத்தில் இருந்தது. சொறிக்கல்முனைப் பக்கத்துக் களப்புக்கட்டு, இருநூற்றெண்பது ஏக்கர், பன்னிரண்டாம் இடத்தில், கோட்டுக்குக் கீழே இருந்தது.

"களப்புக்கட்டுல போன கிழமை நிண்டனான் மிஸ்," என்றார் கேதீஸ்வரன். "சிவக்கொழுந்தக்கா அழுகின பயிர உழுது புரட்டிப்போட்டு, விதைக்க ஒரு பிடி நெல்லில்லாம இருக்கிறா. இங்க நிக்கிற பயிருக்கு மேல விதநெல்லு வருது. இவங்க அத எங்க கொட்டுற, வீட்டுக் கூரையிலயா?"

விதைநெல் லொறிகள் இன்று பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்படும். அடுத்த வாரத்துக்குப் பின் விதைத்தால், கதிர் முற்றுமுன் குளத்து நீர் நிறுத்தப்பட்டுவிடும். எனவே இந்த லொறியைத் தவறவிட்ட வட்டைக்கு இந்தப் போகம் இல்லை.

நபீலா நவம்பர் 27ஆம் திகதிப் படத்தைத் திறந்தாள். பள்ளவெளி கறுப்பாக இருந்தது. ராடர் படத்தில் தேங்கிய தண்ணீர் கறுப்பாகத் தெரியும். நிற்கும் பயிர் வெளிறித் தெரியும். ஐம்பது நாள் வயதுடைய பயிர் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு இருந்தால், பயிர் மூழ்கிவிட்டது என்று பொருள். உழுது, சேறடித்து, இன்னும் விதைக்காத வயலிலும் அதே கறுப்புத்தான்; அங்கே மூழ்குவதற்குப் பயிரே இல்லை. கறுப்பு ஒன்று, அதன் பொருளைச் சொல்லவேண்டியது விதைப்பு அட்டவணை.

அட்டவணையை அமைத்தவள் அவளே. நாற்பத்திரண்டு வரிகள், ஒவ்வொன்றிலும் விதைப்பு முறை, திகதி, தகவல் தந்தவர் பெயர், தொலைபேசி எண். நாற்பத்தொரு வரிகளில் அந்தந்த வட்டையின் நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் விதானையின் பெயரும் எண்ணும் இருந்தன. ஒவ்வொருவருக்கும் அவளே தொலைபேசி எடுத்து, திகதியை இருமுறை சொல்லச்செய்து எழுதியிருந்தாள். பள்ளவெளி வரியில், 'புழுதி விதைப்பு, ஒக்டோபர் 8' என்பதற்கு எதிரே, தகவல் தந்தவர் என்னும் இடத்தில், இரண்டே சொற்கள் இருந்தன: நேரடி அறிவு.

பள்ளவெளியில் அவளுடைய வாப்பாவுக்கு நான்கு ஏக்கர் இருந்தது. அவளுக்கு நினைவு தெரிந்த நாள்முதல் அங்கே மழைக்கு முன் புழுதியில்தான் விதைப்பார்கள். அயலூரான் ஒருவன் இந்த அட்டவணையை நிரப்பியிருந்தால், அந்த வட்டைக்கும் ஒரு தொலைபேசி அழைப்புப் போயிருக்கும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். பழமொழி புண்ணைப் பற்றியது, வயலைப் பற்றியதன்று.

கடைசி நிரலில் சரிபார்த்தவரின் சுருக்கொப்பம் இருந்தது: 'ஜ.' அதையும் அவள் பார்த்தாள்.

பின்னர் வாப்பாவை அழைத்தாள்.

"வாப்பா, இந்த முற பள்ளவெளியில எப்ப விதச்சீங்க?"

"என்னகா மகள், பொலிஸ்காரன் மாதிரிக் கேக்கா? சாப்பிட்டியா?" என்றார் கச்சிமுகம்மது.

"சாப்பிட்டன். எப்ப விதச்சீங்க?"

"வெள்ளம் வடிஞ்ச பொறகுதான். இந்த மாசம் நாலாந் திகதி."

"புழுதியில இல்லையா?"

"புழுதிக்கு எங்க போற? ஒக்டோபர்ல வானம் ஒரு நாளாவது காயவிட்டிச்சா? தண்ணி வடியுமட்டும் பாத்து, சேறடிச்சி வச்சம். வெள்ளம் வந்திச்சி. போனத்துக்குப் பொறகு விதச்சம். உனக்குத் தெரியாதா?"

"எனக்கு ஆரு சொன்ன?"

"நீ ஆரிட்டக் கேட்ட?"

நபீலா மீண்டும் அந்த வரியைப் பார்த்தாள். அவரே தொடர்ந்தார்.

"பட்டியல்ல நம்மட வட்ட நாலாவதாம், வட்டைக்குள்ள என்ட பேர் பதினேழாவதாம் எண்டு விதானை சொன்னாரு. இதென்னடா கூத்து, பயிர் நிக்கிதே எண்டு நான் கேட்டன். மேலருந்து பாக்கிறவங்களுக்கு நமக்குத் தெரியாததும் தெரியும், வாய மூடிட்டு இரி கச்சிமுகம்மது எண்டு சொல்லிட்டாரு."

"எனக்கு ஒரு கோல் எடுத்திரிக்கலாமே வாப்பா."

"நீ படிச்ச புள்ள. புழ விடமாட்டா எண்டு நினைச்சன்."

"விட்டிட்டன். பள்ளவெளிப் பேர வெட்டப் போறம்."

வாப்பா கோழிகளை விரட்டும் சத்தம் தொலைபேசியில் கேட்டது.

"முந்நூத்திப் பத்து ஏக்கர்காரனும் என்னத்தான் பேசுவான்," என்றார். "பள்ளிவாசல்ல செருப்பக் கழத்த உடமாட்டாங்க."

"பேசுவாங்க வாப்பா."

"சரி, பேசட்டும். போன வெய்."

அடுத்ததாகக் கமநல நிலையத்துக்கு எடுத்தாள். அங்கே பொறுப்பான அலுவலர் கஜேந்தினி கேட்டுமுடித்துவிட்டு, "நீங்க சொல்றது விளங்குது. ஆனா வாய்க்கதைக்கு லொறிய நிப்பாட்ட எனக்கு ஏலாது. பட்டியல் எழுத்தில வந்தது, மாத்தமும் எழுத்தில வரட்டும். கையெழுத்தோட," என்றார். நியாயமான பதில். அவளும் அதையே சொல்லியிருப்பாள்.

வான்வயலின் விதிப்படி, அறிக்கையில் பகுத்தாய்ந்தவர் கையெழுத்திட வேண்டும். அறிக்கையை மீளப்பெறும் தீர்மானத்தில் பணிப்பாளரும் கையெழுத்திட வேண்டும். அந்த விதியை எழுதியவளும் நபீலாதான்.

ஜவாத் பத்தரைக்கு வந்தார். படங்களைப் பார்த்தார், கடித வரைவை வாசித்தார், கதிரையில் சாய்ந்தார்.

"திங்கக்கிழம கொழும்பில கூட்டம் இரிக்கி. மாவட்டம் முழுக்கப் பாக்கிற வேலைய நம்மட கையில தாற கத. இண்டைக்குப் போய், நாங்க எழுதினது புழ எண்டு கடிதம் குடுக்கச் சொல்றீங்க."

"ஓம் ஸேர்."

"அடுத்த கிழம திருத்தின பட்டியல் எண்டு ஒண்டு அனுப்புவம். எல்லாரும் செய்யிறதுதான்."

"அடுத்த கிழம அந்த விதநெல்லு பள்ளவெளியில ஆருடயாவது வளவுக்குள்ள கிடக்கும். முளச்சும் இரிக்கும்."

ஜவாத் வரைவை மறுபடி எடுத்தார். "அப்ப காரணத்த மாத்துங்க. முகில் மறச்சிட்டு எண்டு போடுங்க. கையெழுத்து வைக்கன்."

"ராடருக்கு முகில் மறைக்காது எண்டு படம் போட்டு அவங்களுக்கு விளங்கப்படுத்தினது நீங்கதான்."

"கொக்குக் கூட்டம் பறந்திச்சி எண்டு எழுதுவமா ஸேர்?" என்றான் இன்பாஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உன்ட வேலயப் பாருடா." ஜவாத் நபீலாவின் பக்கம் திரும்பினார். அவருடைய குரல் தணிந்திருந்தது. "ஆனைக்கும் அடி சறுக்கும் நபீலா. இத இவ்வளவு பெரிசாக்கத் தேவல்ல."

"ஆன சறுக்கினா ஆனைக்குத்தான் நோகும். இது களப்புக்கட்டு ஆக்களுக்கு நோகுது."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "ஜும்ஆக்குப் பொறகு கதைப்பம்," என்று எழுந்து போனார்.

பதினொன்றே முக்காலுக்கு, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக, இரும்புக்கடையின் கதவுகள் இழுத்து மூடப்பட்டன. வீதி வெறிச்சோடியது. இன்பாஸும் போய்விட்டான். நபீலா மாடியிலேயே ளுஹர் தொழுதுவிட்டு, கடிதத்தை மீண்டும் வாசித்தாள். நான்கு வாக்கியங்கள். பள்ளவெளியின் விதைப்பு முறையை உரியவர்களிடம் கேட்டறியாமல் தானே எழுதியதால் தவறு நேர்ந்தது என்பது முதலாவது. பள்ளவெளி நீக்கப்படுகிறது, களப்புக்கட்டு பதினோராம் இடத்துக்கு வருகிறது, ஏனைய நாற்பது வட்டைகளின் முடிவுகளில் மாற்றமில்லை. கூட்ட ஒன்றுமில்லை, குறைக்கவும் ஒன்றுமில்லை. இரண்டு பிரதிகள் அச்சிட்டு, இரண்டிலும் தன் கையெழுத்தை இட்டாள். அதன் பின் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை, உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றரைக்குக் கேதீஸ்வரன் மீண்டும் எடுத்தார்.

"கமநல நிலையத்தில நிக்கன் மிஸ். மூட்டை ஏத்துறாங்க. கேற்றுக்குக் குறுக்கால என்ட மோட்டார் சைக்கிள நிப்பாட்டி, ரயருக்குக் காத்துப் போயிட்டு எண்டு சொல்லியிருக்கன்."

"போயிட்டா?"

"நான்தான் புடுங்கினன். மூண்டுக்கு மேல தாங்காது. ரைவர் இப்பவே பம்ப் தேடுறான்."

ஜவாத் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை. கையிலிருந்த தொலைபேசியில் விதைப்பு அட்டவணை திறந்திருந்தது. போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ அவர் அதைத் தேடி எடுத்திருக்க வேண்டும்.

"பள்ளவெளி வரி," என்றார். "சரிபார்த்த ஆள் ஆரு?"

"நீங்க."

"காலையில இது உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்."

"அப்ப கடிதத்தில ஏன் எழுதல்ல? நான் முகில் கத கதைக்கக்குள்ள ஏன் சொல்லல்ல?"

"என்ட புழைய நான் எழுதின. உங்கடத நீங்கதான் எழுதோணும் ஸேர்."

ஜவாத் சாளரப் பக்கம் திரும்பி நின்றார். கீழே கடைக் கதவுகள் திறக்கும் இரைச்சல் எழுந்து அடங்கியது.

"அந்த வரிய வாசிச்சிட்டு நான் சிரிச்ச, ஞாபகம் இரிக்கி," என்றார். "கச்சிமுகம்மதுட மகளுக்குத் தெரியாத பள்ளவெளியா எண்டு நினைச்சிட்டுத்தான் ஒப்பம் வச்ச." பிறகு, "திங்கக்கிழம கொழும்பில என்னத்தச் சொல்ற?" என்றார்.

"நாப்பத்தொண்டு சரி, ஒண்டு புழ, அத நாங்களே கண்டுபுடிச்சம் எண்டு சொல்லுங்க. கடிதத்தையும் காட்டுங்க."

"தராம விட்டா?"

"தரமாட்டாங்க. அவ்வளவுதான்."

ஜவாத் பேனாவை எடுத்தார். நான்காம் வாக்கியத்துக்குக் கீழே, தம் கைப்பட ஐந்தாவதொன்றை எழுதினார்: 'மேற்படி பதிவைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டவன் நான்.' எழுத்துகள் சற்றே வலப்பக்கம் சரிந்திருந்தன. மற்றப் பிரதியிலும் அதையே எழுதி, இரண்டிலும் கையெழுத்திட்டார். அப்போது இரண்டு மணி பத்தொன்பது நிமிடம்.

மீண்டும் தூறல் தொடங்கியிருந்தது. நபீலா கடிதங்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, மழைச்சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தன் ஸ்கூட்டியில் புறப்பட்டாள். வழியில் இருபுறமும் வயல். இடப்புறம் பச்சை, வலப்புறம் சில இடங்களில் பச்சை, சில இடங்களில் உழுது புரட்டிய சேறு. மேலிருந்து பார்ப்பதைவிட இங்கிருந்து பார்ப்பது எளிது என்று சொல்லத் தோன்றும். இங்கே பார்த்து வளர்ந்ததை நம்பித்தான் அவள் தவறியிருந்தாள்.

கமநல நிலையத்தின் வாயிலில் கேதீஸ்வரன் சில்லின் அருகே குந்தியிருந்து, அதற்கு ஒருபோதும் தேவைப்படாத ஒரு வேலையை மிகுந்த கவனத்துடன் செய்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் லொறிச் சாரதி கையில் பம்புடன் நின்றார்.

"அண்ணன், நீங்க காத்தடிக்கிறயளா, கழத்திறயளா?"

"ரெண்டுந்தான் தம்பி," என்ற கேதீஸ்வரன் நபீலாவைக் கண்டதும் எழுந்து, மோட்டார் சைக்கிளை ஓரமாகத் தள்ளினார்.

உள்ளே கஜேந்தினி வரவுப் பதிவேட்டைத் திறந்துவைத்திருந்தார். நபீலாவின் மழைச்சட்டையிலிருந்து சொட்டிய நீர் மேசையில் விழாதபடி பதிவேட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பள்ளவெளிப் பேர்களுக்குள்ள உங்கட வாப்பாவும் இருக்கிறார் எண்டு கேதீஸ் சொன்னார். உண்மையா?"

"ஓம். பதினேழாவது."

"பேச்சு வாங்கப் போறீங்க."

"ஓம் மிஸ். நேரத்த எழுதி எடுங்க."

கஜேந்தினி சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, பதிவேட்டில் 2.46 என்று எழுதி, கையை நீட்டினார். நபீலா கடிதத்தை உறையிலிருந்து எடுத்து, இரண்டு கையெழுத்துகளும் இருப்பதை இன்னொருமுறை பார்த்துவிட்டு, அவரிடம் கொடுத்தாள்.